வாங்குவது இரும்பையா, வரலாற்றையா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

புதிய கார் வாங்குபவருக்கு இல்லாத ஒரு சிக்கல் பழைய கார் வாங்குபவருக்கு உண்டு. கடையிலிருந்து வரும் புதிய காரில் சாசி எண், எஞ்ஜின் எண், பதிவு அட்டையில் உள்ள விவரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரில் அப்படி இருக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. சாசியில் ஓர் எண், எஞ்ஜினில் இன்னோர் எண், பதிவு அட்டையில் எப்போதோ இறந்துபோன ஒருவரின் பெயர் என்று மூன்றும் மூன்று திசையில் நிற்பது சாதாரணமாகக் காணப்படும் நிலையாகும்.

இத்தகைய காரை வாங்கவே கூடாது என்பதல்ல. உலகின் மிகப் புகழ்பெற்ற பழைய கார்களில் பலவற்றுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் இருந்துள்ளன. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டு, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் பெற வேண்டும்.

முதலாவது, இது எந்தக் கார்? இரண்டாவது, இது யாருடைய கார்? மூன்றாவது, கையில் உள்ள பத்திரம் இந்தக் காரைத்தான் குறிக்கிறதா?

வாங்குவோரில் பலர் இந்த மூன்றையும் ஒரே கேள்வியாக நினைத்துக் கொள்கின்றனர். "கிராண்ட் இருக்கிறது, பிறகென்ன கவலை?" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. கிராண்ட் இருந்தும் கார் வேறாக இருக்கலாம். கார் சரியாக இருந்தும் விற்பவர் அதன் உரிமையாளராக இல்லாமல் போகலாம். இரண்டும் சரியாக இருந்தும் எஞ்ஜின் எண் ஒத்துப்போகாததால் பதிவு நடக்காமல் போகலாம்.

அடையாளம் ஏன் குழம்புகிறது?

ஸ்போர்ட்ஸ் கார், அதிலும் பந்தயத்தில் ஓடிய கார், மற்றக் கார்களைவிட அதிகமாக அடிபடுகிறது. பந்தயத்திற்கு முதல் நாள் எஞ்ஜின் பழுதானால் வேறு எஞ்ஜினைப் பொருத்துவார்கள். மோதி வளைந்த சாசியை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். அன்று அந்தக் கார் ஒரு கருவி. அடுத்த வாரம் ஓட வேண்டும் என்பதே நோக்கம். அறுபது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பார் என்று அன்றைய பட்டறைக்காரர் நினைக்கவில்லை.

இந்த வட்டாரத்துக்கும் இது புதிதல்ல. சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயங்கள் நடைபெற்றன. மற்ற ஊர்களின் பந்தயக் கார்களைப் போலவே இப்படிப்பட்ட பந்தயங்களில் ஓடிய கார்களும் பந்தயம் முடிந்த பின் கைமாறி, பாகங்கள் மாறி, சில வேளைகளில் பெயரும் மாறிப் போவது இயல்பு.

அப்போது பழைய பந்தயக் காருக்கு விலை இல்லை. பின்னர் விலை ஏறியது. விலை ஏறிய பிறகு எண்ணுக்கும் விலை வந்தது. ஒரே மாதிரியான இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், பந்தயத்தில் வென்றது எது என்று நிரூபிக்கப்படுகிறதோ அதற்கு மற்றதைவிடப் பல மடங்கு விலை. ஆகவே சாதாரணக் காரைப் புகழ்பெற்ற காராக மாற்றிக் காட்டும் ஆசையும் சிலருக்கு வந்தது.

ஒரு கோடி பவுண்டு வழக்கு

இந்தக் கேள்வி நீதிமன்றத்திற்குப் போன வழக்குகளில் மிகவும் பேசப்படுவது 1990ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த பென்ட்லி கார் வழக்காகும்.

"ஓல்ட் நம்பர் ஒன்" என்று அழைக்கப்படும் அந்த பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929ஆம் ஆண்டிலும் 1930ஆம் ஆண்டிலும் தொடர்ந்து வென்றது. 1929இல் வுல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்கினும் அதை ஓட்டினர். 1930இல் பர்னாட்டோவுடன் கிளென் கிட்ஸ்டன் ஓட்டினார். 1931இல் பென்ட்லி நிறுவனம் நொடித்து ரோல்ஸ் ராய்ஸ் வசம் போன பிறகும் அந்தக் கார் பந்தயத்தை விடவில்லை. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மாற்றியமைக்கப்பட்டு ஓடியது. 1932இல் அங்கு நடைபெற்ற 500 மைல் பந்தயத்தில், சரிவான பாதையின் மேல்விளிம்பைத் தாண்டி வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். எஞ்சியிருந்ததைக் கொண்டு பர்னாட்டோ சாலையில் ஓட்டும் மூடிய காராக அதை மீண்டும் கட்டச் செய்தார்.

பல ஆண்டுகள் கழித்து, 1990 ஏப்ரலில், அந்தக் காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிறகு பின்வாங்கியது. "இது லெ மான்ஸில் வென்ற கார் அல்ல. அதன் பாகங்கள் இதில் இல்லை" என்பது அந்நிறுவனத்தின் வாதம். ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டும் என்று உரிமையாளர் வழக்குத் தொடுத்தார்.

நீதிபதி ஓட்டன் காரின் வரலாற்றைப் பாகம் பாகமாக ஆராய்ந்தார். அவருடைய முடிவின் முதல் பகுதி வாங்கியவருக்குச் சாதகமாகவே இருந்தது. 1929இல் வென்ற காரிலிருந்து, காலம் கணிக்க முடியாத சில சிறு பொருத்துகளைத் தவிர, எதுவும் எஞ்சவில்லை. 1930இல் வென்ற காரிலிருந்து பெடல் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகியவை மட்டுமே மிஞ்சியிருந்தன. சாசியும் எஞ்ஜினும் பின்னாளில் வந்தவை.

ஆயினும் தீர்ப்பு விற்றவர் பக்கம் வந்தது. காரணம் இதுதான். பாகங்கள் ஒரே நாளில் மாறவில்லை. பந்தயத்திற்குப் பந்தயம், பழுதுக்குப் பழுது, சிறிது சிறிதாக மாறின. எந்த ஒரு கட்டத்திலும் அந்தக் கார் இல்லாமல் போய், வேறொரு கார் அதன் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. "ஓல்ட் நம்பர் ஒன் நான்தான்" என்று நியாயமாக உரிமை கொண்டாடக்கூடிய வேறு பென்ட்லி உலகில் எங்கும் இல்லை. ஆலையிலிருந்து வந்த மூல வடிவில் அது இல்லை என்பது உண்மை. அதற்காக அது நகலும் அல்ல, மறுபடியும் உருவாக்கிய போலியும் அல்ல. விற்கப்பட்டது இரும்பு மட்டுமல்ல, அந்தக் காரின் வரலாறும் பெயரும் சேர்த்தே விற்கப்பட்டன என்று நீதிபதி கருதினார். வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

கோயிலைப் போல ஒரு கணக்கு

நீதிபதியின் வாதம் முதலில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் தமிழர்களுக்கு இது பழகிய கணக்குத்தான். தோட்டப்புறத்தில் மரத்தடியில் ஒரு சூலத்துடன் தொடங்கிய கோயில், பிறகு பலகையும் துத்தநாகத் தகடுமாக நின்று, பிறகு செங்கல் கட்டடமாகி, குடமுழுக்கு கண்டு, கோபுரமும் பெறுகிறது. தொடங்கியபோது இருந்த பொருள் ஒன்றும் இன்று இல்லாமல் போகலாம். இருந்தும் அது நூறாண்டுக் கோயில் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. பூசை விடவில்லை, திருவிழா விடவில்லை, தலைமுறை தலைமுறையாக அதே கோயில் என்று மக்கள் அறிவார்கள்.

ஆனால் அதே கோயில் இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகும்? மூலவர் சிலை ஓரிடத்திலும் பழைய கட்டடம் இன்னோரிடத்திலும் இருந்து, இரண்டு நிர்வாகமும் "நாங்களே அந்தக் கோயில்" என்றால் வழக்கு வரும். பழைய காரிலும் நிகழும் பெரிய சிக்கல் இதுதான். விபத்தில் சிதைந்த காரின் சாசி ஒருவரிடம், எஞ்ஜின் இன்னொருவரிடம், பதிவு அட்டை மூன்றாமவரிடம் போய்ச் சேர்கிறது. முப்பது ஆண்டு கழித்து ஒவ்வொருவரும் மீதியைப் புதிதாகச் செய்து ஒரு முழுக் காரை உருவாக்குகிறார்கள். ஒரே எண்ணில் இரண்டு, மூன்று கார்கள் எழுகின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பங்கு உண்மை இருக்கிறது.

லண்டன் வழக்கில் விற்றவர் வென்றதற்கு இரண்டு தூண்கள். ஒன்று, இடைவெளி இல்லாத வரலாறு. இரண்டு, போட்டிக்கு வேறு கார் இல்லாமை. விற்பனைக்கு வந்துள்ள காரில் இந்த இரண்டில் ஒன்று ஆட்டம் கண்டாலும், அந்தத் தீர்ப்பைக் காட்டி விற்பவர் ஆறுதல் சொல்ல முடியாது.

எண் சொல்வதும் சொல்லாததும்

சாசி எண் என்பது சாசியில் அடித்துப் பதிக்கப்பட்ட எண். அதை அழித்து வேறு எண்ணைப் பதிப்பது கடினமல்ல. ஆனால் முழுவதுமாக மறைப்பது கடினம். உலோகத்தின் மேல் எண்ணை ஓங்கி அடிக்கும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேற்பரப்பைத் தேய்த்து எண்ணை நீக்கினாலும் அடியில் உள்ள இறுக்கம் போவதில்லை. தக்க அமிலக் கரைசலைத் தடவினால், இறுகிய இடமும் இறுகாத இடமும் வெவ்வேறு விதமாக அரிக்கப்பட்டு, பழைய எண் நிழல்போலத் தெரியும். தடயவியல் நிபுணர்கள் நீண்ட காலமாகக் கையாளும் முறை இது. இதைத் தவிர, எழுத்தின் வடிவம், இடைவெளி, சுற்றிலும் பற்றவைத்த தடம், அந்த இடத்தில் மட்டும் புதிதாக அடித்த சாயம் ஆகியவற்றைப் பழகிய கண்கள் கண்டுகொள்ளும்.

அடுத்து, தயாரிப்பாளரின் பதிவேட்டிலிருந்து பெறப்படும் சான்றிதழ். ஆலையின் பழைய ஏடுகள் பாதுகாக்கப்பட்டிருந்தால் சாசி எண், எஞ்ஜின் எண், நிறம், ஆலையை விட்டுப் புறப்பட்ட நாள், முதலில் அனுப்பப்பட்ட வியாபாரி ஆகிய விவரங்கள் அதில் கிடைக்கும். இது மிகவும் பயனுள்ள ஆவணம். ஆனால் அது சொல்வது, அந்த எண்ணோடு ஒரு கார் ஒரு காலத்தில் ஆலையை விட்டுப் புறப்பட்டது என்பதை மட்டுமே. கண்ணெதிரே நிற்கும் கார்தான் அந்தக் கார் என்று அது சொல்வதில்லை. சான்றிதழில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணைப் புதிய சாசியில் பதிப்பவரும் இருக்கலாம்.

எண்ணும் ஆண்டும் ஒன்றல்ல என்பதற்கு ஆலையே வெளிப்படையாகச் செய்த ஒரு சான்று உண்டு. ஜாகுவார் நிறுவனம் 1963இல் எடை குறைந்த இ-டைப் பந்தயக் கார்களை 18 என்ற கணக்கில் திட்டமிட்டது. செய்து முடித்தது 12 மட்டுமே. மீதி ஆறு எண்களும் ஏட்டிலேயே கிடந்தன. 2014இல் அந்த ஆறு எண்களைப் பயன்படுத்தி ஆறு புதிய கார்களைக் கட்டுவதாக நிறுவனம் அறிவித்தது. எல்லாம் வெளிப்படையாக நடந்ததால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் எண் பழையது என்பதால் கார் பழையது ஆகிவிடாது என்பது இதிலிருந்து நன்கு விளங்கும்.

பழைய வாகனக் கழகங்களின் உலகச் சம்மேளனமான ஃபிவா, முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு அடையாள அட்டை வழங்குகிறது. கார் எந்த நிலையில் உள்ளது, என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன என்பதை அது விவரிக்கும். அதுவும் காரின் உரிமைக்கு அத்தாட்சி அல்ல.

விற்பவர் கையில் இருப்பது எல்லாம் அவருடையதா?

இரண்டாவது கேள்வி உரிமை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாது என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய விதி. தீபகற்ப மலேசியாவில் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவில் இது உள்ளது. சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும் அடிப்படை இதுதான். விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதை 14ஆவது பிரிவும், பொருள் விற்பவர் சொன்ன விவரத்திற்கு ஒத்திருக்க வேண்டும் என்பதை 15ஆவது பிரிவும் வாங்குபவருக்கு உறுதி செய்கின்றன. சிங்கப்பூரில் பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. அதிலும் இதே கோட்பாடுகள் உள்ளன.

இந்த விதியின் வலிமையைக் காட்டும் பழைய வழக்கு ஒன்று 1923இல் இங்கிலாந்தில் தீர்ப்பானது. ஒருவர் 334 பவுண்டு கொடுத்து ஒரு காரை வாங்கினார். சாயம் அடித்து, கடையில் வைத்து, 400 பவுண்டுக்கு இன்னொருவரிடம் விற்றார். முதலில் வாங்கிச் சுமார் நான்கு மாதங்கள் கழித்து, அது திருட்டுக் கார் என்று போலீஸ் கைப்பற்றியது. அவருக்கு விற்றவருக்கும் அது திருட்டுக் கார் என்பது தெரியாது. இருந்தும் 334 பவுண்டு முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனை மாதம் பயன்படுத்தியதற்குக் கழிவு கூட இல்லை. வாங்கியவர் பெற வேண்டியது காரின் உரிமை. அது அவருக்குக் கிடைக்கவே இல்லை என்பதே காரணம்.

பணம் திரும்பக் கிடைக்கும் என்ற விதி நல்ல விதி. ஆனால் விற்றவர் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும், அவரிடம் பணமும் இருக்க வேண்டும். தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு மறைந்த தரகரிடமிருந்து எந்தத் தீர்ப்பும் பணத்தை வாங்கித் தராது.

பதினைந்து ஆண்டு கழித்து வந்த வினை

காலம் கடந்துவிட்டால் பழைய திருட்டு கரைந்துவிடும் என்று நினைப்பதும் ஆபத்து. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2001ஆம் ஆண்டு மார்ச்சில் ஓர் அரிய டால்போ-லாகோ ஸ்போர்ட்ஸ் கார் திருடப்பட்டது. 1930களில் பிரான்சில் செய்யப்பட்ட அந்தக் காரை அதன் உரிமையாளர் பிரித்துப்போட்டு, சீரமைக்கும் எண்ணத்துடன் தமது தொழிற்கூடத்தில் வைத்திருந்தார். கார் கிடைக்காமலேயே 2005இல் அவர் காலமானார்.

2015இல் ஒரு நிறுவனம் ஏறக்குறைய 70 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஐரோப்பாவிலிருந்து அந்தக் காரை வாங்கியது. 2016இல் இல்லினாய் மாநிலத்தில் பதிவு செய்ய மனுச் செய்தபோது, அந்த எண் திருட்டுப் பட்டியலில் இருப்பது வெளிவந்தது. இறந்தவரின் வாரிசு காரைத் திருப்பிக் கேட்டார். திருடிய நாளிலிருந்து கணக்கிட்டால் வழக்குத் தொடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்று நிறுவனம் வாதிட்டது. 2020இல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வாரிசின் வழக்கு தொடரலாம் என்று அது முடிவு செய்தது.

பதிவுக்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை, பணம் கைமாறிய பின் பதிவு அலுவலகத்தில் நடந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

நாட்டுக்கு நாடு சட்டமும் வேறுபடும். இத்தாலியில், நல்லெண்ணத்துடன் முறைப்படி வாங்கியவருக்கு, திருட்டுப் பொருளாக இருந்தாலும் பொதுவாக உரிமை கிடைத்துவிடும். இங்கிலாந்தில் திருடப்பட்ட ஜப்பானியக் கலைப்பொருள்கள் இத்தாலியில் விற்கப்பட்டு, மீண்டும் லண்டன் ஏலத்திற்கு வந்தபோது, விற்பனை நடந்த இடமான இத்தாலியின் சட்டமே பொருந்தும் என்று ஆங்கிலேய நீதிமன்றம் கூறியது. ஆகவே ஒரு கார் எந்தெந்த நாடுகளில், எப்போது, யாரிடம் கைமாறியது என்ற பட்டியல் வெறும் கதை அல்ல. இன்று அது யாருடையது என்பதை முடிவு செய்யும் சான்று அது. இத்தாலியில் பதிவு இல்லாத கார்களுக்கே அந்தச் சலுகை பொருந்தும் என்பது போன்ற நுணுக்கங்கள் இருப்பதால், வெளிநாட்டுக் கார் என்றால் அந்த நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்பது அவசியமாகும்.

கிராண்ட் என்ன சொல்கிறது?

மூன்றாவது கேள்வி பத்திரம். பிரிட்டனின் வி5சி பதிவுப் பத்திரத்திலேயே, இது உரிமைக்கு அத்தாட்சி அல்ல என்று அச்சிடப்பட்டுள்ளது. காரை வைத்திருப்பவராகப் பதிவானவர் யார் என்பதை மட்டுமே அது காட்டும். அங்கிருந்து கார் இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

பெரிதும் மாற்றப்பட்ட கார் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதை முடிவு செய்ய, பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம் நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கைக் கையாண்டது. பழைய சாசிக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2 புள்ளி. எஞ்ஜினுக்கு 1 புள்ளி. 8 புள்ளி தேவை. எஞ்ஜினைவிட சாசியே காரின் அடையாளம் என்ற எண்ணம் இதில் தெரிகிறது. 2025 ஆகஸ்டில் இந்த விதிகள் திருத்தப்பட்டன. தோற்றம் மாறாமல், இருந்த பாகத்திற்கு ஈடான பாகத்தைப் போட்டுச் சீரமைக்கும் பழைய கார்களுக்கு நடைமுறை இலகுவானது.

மலேசியாவில் கிராண்ட் என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் பதிவு ஆவணத்தில் கவனிக்க வேண்டியவை பல. வாடகைக் கொள்முதலில் வாங்கிய கார் என்றால் கடன் தீரும் வரை நிதி நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை அதில் பதிவாகியிருக்கும். பெயர் மாற்றத்திற்கான பரிசோதனையில் சாசி எண்ணும் எஞ்ஜின் எண்ணும் ஆவணத்தோடு ஒப்பிடப்படும். எஞ்ஜின் மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் பதிவு செய்யப்படாமல் இருந்தால் அங்கேயே கார் நின்றுவிடும். விபத்தில் ஒழிந்துபோன காரின் கிராண்டைத் திருட்டுக் காருக்கு மாட்டிவிடும் "குளோன் கார்" மோசடியும் இந்நாட்டில் அறிந்த ஒன்றே. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இதைக் கண்டுபிடிப்பது மேலும் கடினம். ஒப்பிட்டுப் பார்க்க அதே போன்ற கார் பக்கத்தில் இருக்காது.

இறந்தவர் பெயரில் கிராண்ட் இருந்தால் மகன் கையெழுத்திட்டால் போதும் என்று எண்ணக்கூடாது. தந்தையின் சொத்தை விற்கும் அதிகாரம் மகனுக்கு உண்டா என்பதை, உயிலுக்கான நீதிமன்ற அனுமதியோ சொத்து நிர்வாக அதிகாரப் பத்திரமோ காட்ட வேண்டும். மற்ற வாரிசுகள் பின்னர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டிய நிலை வாங்கியவருக்கு ஏற்படும்.

சிங்கப்பூரில் 35 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குத் தனித் திட்டம் உண்டு. ஆண்டில் குறிப்பிட்ட நாள்கள் மட்டும் சாலையில் ஓட்டலாம். இதற்குக் காரின் வயது முக்கியம். அடையாளமே சந்தேகம் என்றால் வயதை எப்படி நிரூபிப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

பணம் கட்டுமுன் செய்ய வேண்டியவை

முதலில், காரைப் பார்க்கும் முன் எண்களை எழுதி வாங்க வேண்டும். சாசி, எஞ்ஜின், கியர் பெட்டி ஆகியவற்றின் எண்களைப் புகைப்படத்துடன் கேட்க வேண்டும். தயங்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இரண்டாவதாக, அந்த எண்களைத் தயாரிப்பாளரின் பதிவேட்டுடனும், அந்த வகைக் காருக்கான கழகத்தின் பட்டியலுடனும் ஒப்பிட வேண்டும். "இதே எண்ணில் வேறு கார் உங்களுக்குத் தெரியுமா?" என்று கழகத்தாரிடம் நேராகக் கேட்க வேண்டும். ஒரு கடிதத்தில் கிடைக்கும் இந்தப் பதில், பின்னால் வரும் பெரிய வழக்கைத் தவிர்க்கும்.

மூன்றாவதாக, முதல் உரிமையாளர் முதல் இன்றைய விற்பனையாளர் வரை ஆண்டு வாரியாக ஒரு பட்டியல் எழுத வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திற்கும் ரசீது, பதிவு, காப்புறுதி, பழைய புகைப்படம், பந்தய நிகழ்ச்சி நிரல் என ஏதாவது ஒரு தாள் தேவை. தாள் இல்லாத இடத்தை வெறுமையாகவே விட வேண்டும். விற்பவரின் வாய்மொழியால் அதை நிரப்பக்கூடாது. வெறுமையான ஆண்டுகளில்தான் சிக்கல் ஒளிந்திருக்கும்.

நான்காவதாக, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு நிபுணர் காரை மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அவருக்கான கட்டணம் வாங்குபவர் கையிலிருந்து போவதே நல்லது. விற்பவர் ஏற்பாடு செய்த நிபுணர் விற்பவருக்குக் கடமைப்பட்டவர்.

ஐந்தாவதாக, ஒப்பந்தத்தில் காரை எப்படி விவரிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். "பழைய பந்தயக் கார் ஒன்று" என்று எழுதினால் எதுவும் எழுதாததற்குச் சமம். இன்ன ஆண்டு, இன்ன சாசி எண், எஞ்ஜின் அசலா மாற்றா, இன்ன பந்தயத்தில் ஓடியது என்று விற்பவர் உறுதி கூறுவதாக எழுதப்பட வேண்டும். விற்கும் உரிமை தமக்கு உண்டு, கடன் பாக்கி இல்லை என்பதும் அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். லண்டன் வழக்கிலும் வாதம் முழுவதும் "எதை விற்பதாகச் சொன்னார்கள்?" என்பதைச் சுற்றியே நடந்தது.

கடைசியாக, முழுப் பணத்தையும் விற்பவரிடம் நேராகக் கொடுக்காமல், பெயர் மாற்றம் முடியும் வரை வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கில் வைக்கலாம். "இன்னொருவர் நாளைக்கே வாங்க வருகிறார்" என்று அவசரப்படுத்துவது பழைய தந்திரம். ஐம்பது ஆண்டு காத்திருந்த காருக்கு இரண்டு வாரம் பெரிதல்ல.

சந்தேகம் தீராவிட்டால்?

எல்லாம் செய்த பிறகும் சில கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் போகலாம். இங்கே உரிமையையும் அடையாளத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உரிமையில் சந்தேகம் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுவதே நல்லது. ஏனெனில் ஒரு நாள் உரிமையாளர் வந்து நின்றால் காரும் போகும், அதற்குச் செலவிட்ட உழைப்பும் போகும்.

அடையாளத்தில் மட்டும் சந்தேகம் என்றால் வாங்கலாம். ஆனால் நிரூபிக்கப்பட்டதற்கு மட்டுமே விலை கொடுக்க வேண்டும். எஞ்ஜின் வேறு, உடல் புதிது, சாசி மட்டும் பழையது என்றால் அதற்குரிய விலை. பந்தயத்தில் வென்றதாகக் கதை மட்டும் இருந்தால் கதைக்கு விலை இல்லை. அப்படி வாங்கிய காரை ஞாயிற்றுக்கிழமை காலையில் மகிழ்ச்சியாக ஓட்டலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

வாங்கிய பிறகும் ஒரு கடமை இருக்கிறது. செய்த ஒவ்வொரு பழுதுபார்ப்புக்கும் ரசீதை வைத்திருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் எண் எழுதி எடுத்து வைக்க வேண்டும். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும். பிள்ளைகளோ வேறொருவரோ அந்தக் காரை நாளை விற்கப் போகும்போது, அதே மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்தக் கோப்பில் இருக்கும்.